நெஞ்சில் குருணை

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு ஒளிர்ந்ததெல்லாம் பேயாகத் தெரிந்தது.

என் பெயர் செல்வி. வீடு பெங்களூர் பக்கம் ஆனேக்கல்லில். பொம்மசந்திராவில் ஒரு ரெடிமேட் துணி கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தையெல்லாம் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் கற்றுக்கொண்டேன். கன்னடம், தெலுங்கு, கொஞ்சம் ஹிந்தி, எல்லாம் அப்படி வந்ததுதான். யார் வாயிலிருந்து பழமொழி விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் பெயர் முனிராஜ், ஜிகணியில் கிரானைட் கல் பாலிஷ் போடும் பட்டறையில் இருக்கிறார். ஒரே மகள் காவ்யா, ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை.

எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்து முடி முளைத்து, மறுபடி லைனில் நின்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. வறட்டு இருமல் ஒன்று பிடித்தது. சிரப் குடித்தேன், கஷாயம் குடித்தேன், போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு இளைத்தது. புற்றுநோய்க்குப் பார்த்த டாக்டரம்மாவிடம் வழக்கமான செக்கப்புக்குப் போனபோது இருமலைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "பெட் ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம் செல்வி" என்றார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது. ஆனால் எங்களைப் போன்ற பூனைகளுக்கு அடுப்பங்கரையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

பெட் ஸ்கேன் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். சர்க்கரைத் தண்ணீரில் துளி கதிரியக்க மருந்தைக் கலந்து ஊசியில் ஏற்றுவார்கள். உடம்பில் எந்த இடம் அந்தச் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்கிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். புற்று பேராசைக்காரன், அதனால் ஒளிர்வான். ஊசி போட்ட பிறகு தனி அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும். டெக்னீஷியன் பையன் கதவைச் சாத்தும் முன் சொன்னான்: "பேசக் கூடாதும்மா. பேசினா தொண்டைத் தசை வேலை செய்யும், அங்க போய் ஒளிரும்."

யாரிடம் போய் என்ன சொல்கிறான் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தேன். வாய் சும்மா இருந்தால் மனசு ஓடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாத்ரூமுக்கு இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை போக வேண்டியே இல்லை. நடக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

ரிப்போர்ட் காவ்யாவின் போனுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கத்தை எத்தனை நேரம் படிப்பாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் உதட்டைக் கடித்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"சொல்லு."

"நெஞ்சுக்கு நடுவுல நெறி கட்டியிருக்காம்மா. ரெண்டு பக்கமும். ஒளிருதாம்."

"அப்ப வந்துடுச்சு."

"டாக்டர் சொல்லட்டும்மா. நீயா எதையாவது சொல்லாதே."

மார்பிலிருந்து நெஞ்சுக்குள் பரவினால் அது நாலாம் கட்டம். ஆஸ்பத்திரி வரிசைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்துபோகும் விஷயங்களில் இதுவும் ஒன்று. முதல் தடவை வந்தபோது ‘குணமாக்கலாம்’ என்ற வார்த்தை டாக்டரின் வாயில் வந்தது. நாலாம் கட்டக்காரர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள், ‘கட்டுப்படுத்தலாம்’ என்பார்கள். எந்த வார்த்தை எனக்கு வரப்போகிறது என்பதுதான் அடுத்த சில மாதங்களும் என் உயிரைத் தின்ற கேள்வி.

டாக்டரம்மா பெங்களூரிலேயே பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நெஞ்சின் நடுவில், மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"பரவியிருக்குமோன்னுதான் முதல்ல தோணும். எனக்கும் தோணுது, பொய் சொல்லல. ஆனா நோடி, இங்க பாருங்க, ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. ஈரல், எலும்பு எல்லாம் சுத்தமா இருக்கு. ஊசி விட்டு எடுத்துப் பாக்காம நான் கீமோ எழுத மாட்டேன்."

"பாத்தா மட்டும் மாறவா போகுது?" என்றேன்.

"மாறலாம். அதுக்குத்தான் பாக்கறது."

வெளியே வந்ததும் காவ்யா யாருக்கோ போன் செய்து, "அம்மாவுக்கு ஈபஸ் பண்ணணும்" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்து, "எதுக்கு ஈ-பஸ்? வந்த பஸ்ஸே போதாதா?" என்றார். கரண்டில் ஓடும் பஸ் ஆனேக்கல் பக்கம் வர ஆரம்பித்த புதிது. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். பிறகுதான் காவ்யா விளக்கினாள். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விடுவார்கள், அதன் நுனியில் சின்ன ஸ்கேன் கருவி இருக்கும், பக்கத்திலிருக்கும் நெறியை அதில் பார்த்துக்கொண்டே ஊசியால் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. அந்த ஈபஸ்ஸுக்கு இவர் டிக்கெட் எடுக்கப் பார்த்தார் என்று அன்று பூராவும் சொல்லிச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வீடு பழையபடி ஆகிவிடும். பிறகு யாராவது மறுபடி அதையே சொல்வோம்.

ஈபஸ் செய்த அன்றைக்குக் காத்திருக்கும் இடத்தில் என் பக்கத்து நாற்காலியில் சாவித்திரம்மா என்று ஒருவர். மாலூர்க்காரர், மகனுக்கு ஊசி போட அழைத்து வந்திருந்தார். என் கால் ஆடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, முட்டியில் கை வைத்து நிறுத்தினார்.

"ஏனாயித்தம்மா?"

என்ன ஆச்சு என்று கேட்டதுதான் தாமதம், கன்னடத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். படத்தில் வெள்ளையாக இருக்கிறது, வெள்ளையாக இருந்தால் புற்று என்றேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பெள்ளகிரோதெல்லா ஹாலல்லா" என்றார். வெளுத்ததெல்லாம் பாலல்ல. நம் பக்கத்திலும் இருப்பதுதான். வாழ்நாள் பூராவும் ஆட்களை எடை போடத்தான் அதைச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேனுக்கும் பொருந்தும் என்று தோன்றியதே இல்லை. நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள்.

விழித்தபோது தொண்டையில் ரம்பம் போட்டது போல இருந்தது. கொஞ்சம் ரத்தம் கலந்து துப்பினேன். அது சகஜம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஆறவைத்த பாலை பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்.

ரிசல்ட் சொல்லக் கூப்பிட்ட அன்று நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம். நாங்கள் உட்காரும் முன்பே டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்காக அவருக்குக் கும்பிடு.

"கேன்சர் செல் இல்லை."

காவ்யா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பின்னால் ஒரு ‘ஆனா’ வருமென்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆனா கிரானுலோமா இருக்கு. நம்ம ஊர்ல கிரானுலோமான்னா முதல்ல டிபி இல்லைன்னு உறுதி பண்ணணும். வேக டெஸ்ட்ல டிபி வரல. கல்ச்சர்னு ஒண்ணு வெச்சிருக்கோம், கிருமி இருந்தா வளரும், அதுக்குச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் எந்த மாத்திரையும் ஆரம்பிக்க வேண்டாம்." பிறகு வழக்கமாகக் கேட்பது போலக் கேட்டார்: "வீட்டுல யாராவது தூசி வேலை பண்றாங்களா? சிமெண்ட், கல்லு, அப்படி?"

"கிரானைட் பாலிஷ், மேடம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா குறித்துக்கொண்டார். வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள். எழுந்து வந்தோம்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாற்றம். அவர் ராத்திரிப் பாயை ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டால், "நீ நல்லாத் தூங்கணும்." தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. வேலை முடிந்து வந்தால் வாசலோடு சரி, நேராக மாடிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் இறங்குவார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். எனக்குப் பொட்டில் அடித்தது போல விளங்கிவிட்டது. டிபி ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார். டாக்டர் இன்னும் சொல்லவே இல்லை, அதற்குள் என்னைத் தள்ளி வைத்துவிட்டார். கீமோவில் வாந்தியெடுத்தபோது கையில் ஏந்திய மனுஷன்.

நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. நான் சொல்லாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அடுப்பில் எதையாவது வைப்பேன், மறப்பேன், காவ்யா வந்து அணைப்பாள். கழுத்தைத் தடவிப் பார்ப்பேன், அக்குளைத் தடவிப் பார்ப்பேன், புதிதாக நெறி கட்டியிருக்கிறதா என்று. இருமல் வந்தால் எண்ணுவேன், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று இருமிப் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனேன். அவர் வாளியில் தன் சட்டையை ஊறவைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"துணி தொவைக்கிறேன். கீழ போ, காத்து அடிக்குது."

"நான் இன்னும் சாவல. தொவைக்க ஆளிருக்கு."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"உங்களுக்குத்தான் நல்ல மனசே இல்ல. டிபின்னு டாக்டர் சொன்னாங்களா? அதுக்குள்ள தட்டைப் பிரிச்சாச்சு, பாயைப் பிரிச்சாச்சு. அடுத்து வீட்டையும் பிரிச்சுடுங்க."

சோப்பு நுரைக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "டிபியா? யாருக்கு டிபி?"

"எனக்குத்தான். அதுக்குத்தானே தள்ளித் தள்ளி ஓடறீங்க?"

"அடிப்பாவி. நான் உன்கிட்ட இருந்து ஓடல. என் தூசி உன்மேல படக் கூடாதுன்னு ஓடறேன். நெஞ்சுல கிரானைட் போயிருக்குன்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தானே கூட இருந்தே?"

"கிரானைட்டா?"

"கிரானைட்லோமா. உடனே கல்லு வேலை யாருன்னு கேட்டாங்களா இல்லையா? இத்தனை வருஷமா என் சட்டையை நீதான் தொவைக்கிறே. ஒதறி ஒதறித் தொவைப்பே. எல்லாம் உள்ள போயிருக்கு." சட்டையை மறுபடி வாளிக்குள் அமுக்கினார். "மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், பாலிஷ் வேலை வேணாம்னு. லோடிங் ஏத்தற வேலை குடுங்கன்னு கேட்டிருக்கேன்."

சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், நானும் பாதி நம்பிவிட்டிருந்தேன். டாக்டர் கேட்டது உண்மைதானே? வார்த்தையும் ஒன்று போலத்தானே இருக்கிறது? அன்று ராத்திரி இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்துக்கொண்டு, என் நெஞ்சுக்குள் எந்தக் கலர் கல் இருக்கும் என்று யோசித்தோம். கறுப்பா, சிவப்பா, அந்தப் பச்சைப் புள்ளி போட்டதா? "ஏற்றுமதிச் சரக்கா இருந்தா நல்லது" என்றார். பாதி ராத்திரியில் அவர் எழுந்து உட்கார்ந்தது எனக்குத் தெரியும். தூங்குவது போலக் கிடந்தேன்.

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. டிபி இல்லை. அதைச் சொல்ல டாக்டரம்மா கூப்பிட்ட அன்று, முதல் வேலையாக வீட்டுக்காரர் கேட்டார்: "மேடம், அந்தக் கிரானைட்டை எடுத்துட முடியுமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை.  நாற்காலியை எங்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"கிரானைட், கிரானுலோமா, ரெண்டு பேரும் பேருல மட்டும்தான் பங்காளிங்க. சின்ன மணி மணியா இருக்கறதுக்குப் பழைய பாஷை ஒண்ணுல ஒரு வார்த்தை. அந்தக் கல்லுலயும் மணி மணியா தெரியுது இல்லையா, அதான் அந்தப் பேர். இது உடம்புல கட்டற சின்ன மணி. கன்னடத்துல நுச்சுன்னு சொல்வோமே, அரிசி ஒடைஞ்சது. தமிழ்ல அதுக்கு என்ன?"

"குருணை" என்றேன்.

"ஆங், குருணை. உங்க நெஞ்சுல இருக்கறது குருணைக் கட்டி. கல்லு இல்ல, தூசி இல்ல. ஊசியில வந்ததுல கல்தூசி எதுவும் தெரியல. சட்டை தொவைச்சு வந்ததுன்னு நான் நினைக்கல." எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஆனா கல்தூசி உங்க நெஞ்சுக்கு ஆகாது. மாஸ்க் போடறீங்களா?"

"கர்ச்சீப் கட்டுவேன், மேடம்."

"கர்ச்சீப் ஈ ஓட்டத்தான் ஆகும். நல்ல மாஸ்க் கேளுங்க. நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க."

குருணை எப்படிக் கட்டுகிறது என்றும் சொன்னார். உடம்பின் காவல்கார செல்கள் எதையோ பார்த்துச் சந்தேகப்பட்டு, வட்டம் கட்டி நெருக்கியடித்து நிற்கின்றன. அவையும் வேலை செய்யும்போது சர்க்கரை தின்னும், அதனால்தான் படத்தில் ஒளிர்ந்தன. அடுப்பு எரிந்தாலும் வெளிச்சம், வீடு எரிந்தாலும் வெளிச்சம். தெருமுனையில் நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது, கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். சார்காய்டோசிஸ் என்று தனியாக ஒரு நோய் இருக்கிறதாம், அதில் உடம்பில் பல இடங்களில் இப்படிக் கட்டும். எனக்கு அந்த நோயின் மற்ற அடையாளங்கள் எதுவும் இல்லை. புற்றுநோய் வந்தவர்களில் சிலருக்கு அதே மாதிரிக் குருணை மட்டும் கட்டுவதுண்டு. அதனால் ‘சார்காய்ட் போன்ற’ என்று எழுதுகிறார்கள்.

காவ்யா போனை எடுத்தாள். "மேடம், நெட்ல படிச்சேன். இது வந்த கேன்சர் பேஷண்ட்ஸ் ரொம்ப நாள் நல்லா இருக்காங்கன்னு போட்டிருக்கு. அப்ப இது நல்லதுதானே?"

நானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். என் கேள்வியும் அதுதான்.

"சில வகை கேன்சர்ல அப்படிப் பாத்திருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "உடம்பு முழிச்சிட்டு இருக்கு, சண்டை போடுதுன்னு ஒரு யூகம். வேற சிலதுல பாத்தா ஒரு வித்தியாசமும் இல்ல. பாத்த ஆளுங்களும் கொஞ்சம் பேர்தான். ஒரு இடத்துல பத்து பேரு நல்லா இருந்தா, குருணையாலதான் இருந்தாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நல்லதா கெட்டதா, ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றேன்.

"கெட்டது இல்ல. நல்லதுன்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

"மதில் மேல் பூனைங்கறீங்க."

"ஆமா. எந்தப் பக்கம் குதிக்கும்னு கேக்காதீங்க. இன்னொண்ணும் சொல்லணும். ஊசி எடுத்தது துளியூண்டு. குருணை இருக்கற இடத்துலயே கேன்சரும் ஒளிஞ்சிருக்கறது அபூர்வமா நடக்கும். அதனால மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன். இருமல் தாங்க முடியலன்னா சொல்லுங்க, மருந்து இருக்கு. இப்போதைக்கு வேணாம். டென்ஷன் மாட்கொபேடி."

டென்ஷன் ஆகாதே என்று சொன்னால் ஆகாமல் இருக்க நான் என்ன மெஷினா, சுவிட்சை அமுக்க? அந்த மூன்று மாதமும் பூனையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன். வேலைக்குப் போனேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுந்து நிற்கத் தோன்றும், நின்றால் உட்காரத் தோன்றும். காவ்யா மட்டும் தெருவில் எல்லோரிடமும், "அம்மாவோட உடம்பே சண்டை போடுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சில நாள் அதை நம்பி, குருணைகளே, பசங்களா, விடாதீங்கடா என்று குளிக்கும்போது நெஞ்சைத் தட்டிக் கொடுத்தேன். மறுநாளே அவை பாதுகாப்பது போல நடித்து எதையாவது மறைத்து வைத்திருக்குமோ என்று சந்தேகம் வரும். லைனில் இப்படி இரண்டு பக்கமும் பேசுகிற ஒருத்தி இருந்தால் அவளை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவேன். உடம்பை எங்கே மாற்றுவது?

பில், இன்சூரன்ஸ், அலைச்சல் எல்லாம் இருந்தது, எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதில் எனக்கு நினைவிருப்பது, பட்டறையில் அவரோடு வேலை செய்யும் பீகார்க்காரப் பிள்ளைகள் காசு சேர்த்து இவருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்ததுதான். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பாலிஷ் வேலைக்கே திரும்பிவிட்டார். எக்ஸ்ரேயில் இவர் நெஞ்சு சுத்தமாக இருந்தது.

மறு ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"சுருங்கியிருக்கு. மருந்தே இல்லாம சுருங்கியிருக்கு. ஒளியும் மங்கிடுச்சு. புதுசா எங்கயும் இல்ல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பரவின கேன்சர் இப்படித் தானா அடங்காது செல்வி. இது குருணைதான். போய் ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"அப்ப குணமாயிடுச்சா?"

"அன்னைக்கு ஆபரேஷன் முடிஞ்சப்ப என்ன சொன்னேனோ, அங்கயே நிக்கறோம். பின்னால போகல. வருஷா வருஷம் பாத்துட்டே இருப்போம்."

‘குணமாக்கலாம்’ பக்கத்தில்தான் இன்னும் நிற்கிறேன் என்று அர்த்தம் செய்துகொண்டேன். எனக்கு அது போதவில்லை, உண்மையைச் சொன்னால். ஆனால் அதற்கு மேல் யாரிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

காவ்யா ஆபீசுக்கு ஓடினாள். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்கு எதிரே, நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில் நுழைந்தோம். அவர் இரண்டு இட்லி-வடை வாங்கி வந்து உயரமான மேஜையில் வைத்தார். பிட்டு, சாம்பாரில் தோய்த்து, வாயில் போட்டேன்.

"சாம்பாரா இது? வெல்லத்தைக் கரைச்சு ஊத்தி வெச்சிருக்கான். இட்லி மேல பாயசம் ஊத்தித் தின்னற மாதிரி இருக்கு. இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவங்களுக்கு நாக்கே கெடையாதா? சட்னியைப் பாருங்க, தண்ணி. தேங்காயைக் காட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான். காபியாவது ஒழுங்கா இருக்குமா, இல்ல அதுவும்..."

அவர் சாப்பிடவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன? வாயில ஒட்டியிருக்கா?"

"இல்ல. ஸ்கேன் வந்த நாள்லேருந்து நீ எதைப் போட்டாலும் கம்முனு தின்னுட்டு எழுந்திருச்சே. உப்பில்லாம ஒரு நாள் ரசம் வெச்சேன், அதையும் குடிச்சுட்டுப் போனே. எனக்கு அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் தட்டையும் என் பக்கம் தள்ளினார். "வடையைச் சொல்லவே இல்லையே. அது எப்பிடி இருக்கு?"